ஒரு காரணமாவது சொல்லியிருக்கலாம்ல?

ரொம்ப நாள் ஆச்சு எழுதி. மார்ச் க்ளோசிங், அப்புறம் ஆடிட், அப்புறம் வீட்ல பெயிண்டிங்னு சாக்கு நிறைய இருக்கு. எதுவும் நிஜக் காரணம் இல்ல, எழுதத் தோணல, அவ்ளோதான். இப்ப எழுத வெச்சது எங்க அக்கா மக.

பேரு வேண்டாம். 24 வயசு. திருநெல்வேலிப் பக்கம் எங்க ஊர்ல இருந்து படிச்சு முடிச்சு மும்பைக்கு வேலைக்கு வந்தவ. ஐரோலியில ஆபீஸ், கோவண்டியில எங்க வீட்ல ஜாகை. காலேஜ்ல கூடப் படிச்ச பையனோட நாலு வருஷப் பழக்கம். எனக்கு முன்னாடியே தெரியும், அவ அம்மாவுக்கு, அதாவது எங்க அக்காவுக்குத் தெரியாது. போன மாசம் அவன் 'நமக்குள்ள ஒத்து வராது'ன்னு ஒரு வரி மெசேஜ் அனுப்பிட்டு எல்லாத்துலயும் பிளாக் பண்ணிட்டான்.

ஒரு ராத்திரி ரெண்டு மணிக்குத் தண்ணி குடிக்க எந்திரிச்சுப் போனா, கிச்சன்ல லைட் போடாம தரையில உக்காந்திருக்கா. போன் வெளிச்சம் மட்டும் முகத்துல. வேற ஒரு பேர்ல புதுசா இன்ஸ்டாகிராம் கணக்கு ஆரம்பிச்சு அவன் என்ன போடுறான்னு பாத்துக்கிட்டு இருக்கா. 'ஏட்டி, தூங்கலையா?'ன்னு கேட்டதுதான் தாமதம், அழுகை.

"பிடிக்கலன்னா போகட்டும் சித்தி. நான் என்ன கையைப் பிடிச்சா இழுத்து வெக்கப் போறேன்? ஒரு காரணமாவது சொல்லியிருக்கலாம்ல?"

எனக்குப் பதில் சொல்ல வரல. ஏன்னா இதே கேள்வியை, இதே கோவண்டியில, இன்ஸ்டாகிராம் எல்லாம் வர்றதுக்கு முன்னாடி, ஒரு நோக்கியா போனை வெச்சுக்கிட்டு ஒன்றரை வருஷம் கேட்டவ நான். என் வீட்டுக்காரருக்கு இது தெரியும். அக்காவுக்குத் தெரியாது. இப்பத் தெரிஞ்சுக்கட்டும்.

2003-ல நான் மும்பைக்கு வந்தேன். ஒரு ஆடிட் ஆபீஸ்ல வேலை. டாடா நகர்ல ஒரு மராத்தி மாவ்ஷி வீட்ல பேயிங் கெஸ்ட். ஒரே ரூம், ஒரு கிச்சன், அதுல மாவ்ஷி, நான், இன்னொரு கேரளாப் பொண்ணு. காலையில ஹார்பர் லைன் வண்டி பன்வெல்ல இருந்தே ரொம்பி வழிஞ்சு வரும். கோவண்டியில ஏறுறது ஒரு கலை. அவன் தென்காசிப் பக்கம். செம்பூர்ல ரூம், ஒரு இஞ்சினியரிங் கம்பெனியில வேலை. எப்படிப் பழக்கம் ஆச்சுங்கறதெல்லாம் உங்க கற்பனைக்கு. எல்லாருக்கும் ஆகுற மாதிரிதான்.

2005 ஜூலை 26-ஐ மட்டும் சொல்லணும். மும்பையில அப்ப இருந்தவங்களுக்கு அந்தத் தேதியைச் சொன்னாலே போதும். சாந்தாக்ரூஸ்ல ஒரே நாள்ல 944 மில்லிமீட்டர் மழை. ரயில் நின்னுபோச்சு, போன் வேலை செய்யல. நான் சயான்ல மாட்டிக்கிட்டேன். அவன் எப்படியோ தேடிக் கண்டுபிடிச்சு வந்துட்டான். இடுப்பளவு தண்ணியில, என் பையை, அதுக்குள்ள கிளையண்ட்டோட வவுச்சர் ஃபைல் வேற, தலையில தூக்கி வெச்சுக்கிட்டு சயான்ல இருந்து கோவண்டி வரைக்கும் ஏழெட்டு கிலோமீட்டர் கூட நடந்து வந்தான். வாசல்ல என்னை விட்டுட்டு, ஒரு டீ குடிச்சிட்டு, அதே தண்ணியில செம்பூருக்குத் திரும்பி நடந்தான்.

எல்லாக் குழப்பத்துக்கும் காரணம் அந்த ராத்திரிதான். 2007 பிப்ரவரியில அவன் போன்ல 'செட் ஆகாதுப்பா, வீட்ல ஒத்துக்க மாட்டாங்க'ன்னு சொல்லிட்டு வெச்சப்ப, எனக்கு மனசுல ஓடினது ஒண்ணே ஒண்ணு: அவ்ளோ தண்ணியில கூட நடந்து வந்தவன் இவ்ளோ லேசா விட்டுட்டுப் போக முடியுமா? அப்ப எங்கேயோ தப்பு நடந்திருக்கு. நான் என்னவோ பண்ணியிருக்கேன். அது என்னன்னு தெரிஞ்சா சரி பண்ணிடலாம்.

அதுக்கப்புறம் நான் பண்ணதை எல்லாம் எழுத இப்பவும் கை கூசுது. ஒரு நாள்ல நாப்பது தடவை மிஸ்டு கால். அவனோட ரூம்மேட்டுக்குப் போன் பண்ணி தூது. 'நான் மாறிட்டேன்'னு எஸ்.எம்.எஸ். (எதுல இருந்து எதுக்கு மாறினேன்னு எனக்கே தெரியாது.) சாயங்காலம் ஆபீஸ் விட்டா நேரா செம்பூர்ல இறங்கி, அவன் பில்டிங் கேட்டுக்கு எதிர்ல போய் நிப்பேன். முதல் நாள் வாட்ச்மேன் 'கிஸ்கோ மில்னா ஹை?'ன்னு கேட்டார். ரெண்டாம் நாள் கேக்கல. மூணாம் நாள் மழை. தன்னோட பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து ஷெட்டுக்குள்ள எனக்காகப் போட்டார்.

நானும் உக்காந்தேன்.

அவன் விட்டுட்டுப் போனது இன்னிக்கு எனக்கு வலிக்கல, சத்தியமா. ஆனா அந்த நாற்காலி இன்னும் சுடுது.

அவன் என்னை அவமானப்படுத்துனதா ரொம்ப நாள் நெனச்சுக்கிட்டு இருந்தேன். யோசிச்சுப் பாத்தா அவன் பண்ணது ஒரு கோழைத்தனம், அவ்ளோதான். வேண்டாம்னு சொல்ல அவனுக்கு உரிமை உண்டு, அதை நேர்ல சொல்லத் துப்பு இல்ல. அந்த நாற்காலியில போய் உக்காந்தது நான். என்னோட மதிப்பு என்னன்னு தீர்ப்பு எழுதுற வேலையை அவன் கையில கொடுத்துட்டு, கோர்ட் வாசல்ல காத்துக்கிடக்குற கட்சிக்காரி மாதிரி காத்துக்கிடந்தது நான். அவனுக்கோ அப்படி ஒரு வேலையைத் தனக்குக் கொடுத்திருக்காங்கன்னே தெரியாது.

2008 ஏப்ரல். நவி மும்பைப் பக்கம் ஒரு ஃபேக்டரியில ஆடிட். எங்க தொழில்ல ஒரு சடங்கு உண்டு, பேலன்ஸ் கன்ஃபர்மேஷன் கடிதம். கம்பெனிக்குக் கடன் பாக்கி வெச்சிருக்கறவங்களுக்கு, 'எங்க கணக்குப்படி மார்ச் 31 அன்னிக்கு நீங்க தர வேண்டியது இவ்வளவு, சரியா இருந்தா கையெழுத்துப் போட்டு ஆடிட்டருக்கு நேரா அனுப்புங்க'ன்னு கடிதம் போகும். பாதிப் பேர் பதில் போட மாட்டாங்க. இன்னொரு தடவை நினைவூட்டுவோம். அப்பவும் வரலன்னா நாங்க உக்காந்து அழ மாட்டோம். வேற வழியில பாப்போம்: அதுக்கப்புறம் பணம் ஏதாவது வந்திருக்கா, டெலிவரி சலான் இருக்கா. இதுல இன்னொரு வகைக் கடிதமும் உண்டு. 'இந்தத் தொகையில ஆட்சேபம் இருந்தா மட்டும் எழுதுங்க'ன்னு கேக்குறது. அதுல பதில் வரலன்னா, அதுவே பதில்.

அன்னிக்கு ஒரு பழைய பார்ட்டியோட கணக்கு. மூணு வருஷமா ஒரு பைசா வரல. கம்பெனி அக்கவுண்டண்ட், பாவம் நல்ல மனுஷன், 'மேடம், இவங்க நல்ல பார்ட்டி, அந்தக் காலத்துல எவ்ளோ பிசினஸ் கொடுத்திருக்காங்க தெரியுமா, கண்டிப்பா வரும்'ங்கறார். நான் அவருக்கு விளக்கிக்கிட்டு இருக்கேன்: சார், அப்ப பிசினஸ் கொடுத்தது உண்மை, அதை யாரும் இல்லன்னு சொல்லல. அந்த வருஷத்து சேல்ஸ்ல அது இருக்கு, யாரும் அழிக்கப் போறதில்ல. ஆனா வராத பணத்தை சொத்துன்னு காட்டிக்கிட்டே இருந்தா உங்க பேலன்ஸ் ஷீட் பொய் சொல்லுது. வராக்கடன்னு எழுதித் தள்ளுறது அவங்களுக்குப் பண்ற உபகாரம் இல்ல சார், உங்க புத்தகம் நேர்மையா இருக்கறதுக்காகப் பண்றது...

சொல்லிக்கிட்டே வந்தவ பாதியில நிறுத்திட்டேன். 944 மில்லிமீட்டர் மழை, தலையில வெச்ச பை, எல்லாம் 'அந்தக் காலத்து பிசினஸ்'. உண்மைதான். ஆனா அது 2005 கணக்கு.

'உடனே ஞானம் வந்துச்சு'ன்னு எழுதினா நல்லாத்தான் இருக்கும். வரல. அடுத்த வாரமே ஒரு தடவை போன் பண்ணேன். மனசு என்ன டாலியா, ஒரு எண்ட்ரி போட்டா எல்லா லெட்ஜரும் தானா சரியாக? ஆனா அந்தப் போன்ல ஒரு வித்தியாசம். ரிங் போகும்போதே 'இவன் எடுத்தா என்ன கேப்பேன்?'னு யோசிச்சேன். கேக்க ஒண்ணும் இல்ல. காரணம் சொன்னாலும் அது எனக்கு எதுக்குன்னு தெரியல. 'உன் நிறம் பிடிக்கல'ன்னு சொன்னா நான் நிறத்தை மாத்திக்கணுமா? 'எங்க சாதி இல்ல'ன்னு சொன்னா? 'வேற ஒருத்தியைப் பிடிச்சிருக்கு'ன்னு சொன்னா அவளை விட நான் மட்டம்னு அர்த்தமா? எந்தக் காரணம் வந்தாலும் அதை எதிர்த்து நான் வாதாடியிருப்பேன். காரணம் கேட்டதே வாதாடத்தான். கட் பண்ணேன். அதுக்கப்புறம் அந்த நம்பருக்குப் பண்ணல.

எனக்கு இந்த விஷயத்தைத் தெளிவாப் புரிய வெச்ச ஆளை நான் ரொம்பப் பின்னாடிதான் தெரிஞ்சுக்கிட்டேன். 2017 நவம்பர் 22. ஆபீஸ்ல கூகுளைத் திறந்தா, சேலை கட்டின ஒரு பெண் டாக்டர் படம். ருக்மாபாய். அவரோட 153-வது பிறந்தநாள். இதே மும்பைக்காரர். பதினாலு வருஷமா இந்த ஊர்ல இருக்கேன், பேர்கூடக் கேள்விப்பட்டதில்ல.

1864-ல பிறந்தவர். பதினோரு வயசுல தாதாஜி பிகாஜிங்கற பையனுக்குக் கட்டி வெச்சாங்க, அவனுக்கு 19. பையன் இவங்க வீட்டோட இருந்து படிக்கணும்னு ஏற்பாடு. அவன் படிக்கல. இவர் தன் அம்மா வீட்லயே இருந்து, கிடைச்ச புத்தகத்தை எல்லாம் படிச்சு வளந்தார். அம்மா விதவையாகி மறுமணம் செஞ்சவர், வளர்ப்பு அப்பா சகாராம் அர்ஜுன் ஒரு டாக்டர். 1884-ல தாதாஜி 'என் மனைவியை என்னோட அனுப்பு'ன்னு கேஸ் போட்டான். 1885-ல நீதிபதி பின்ஹே, விவரம் தெரியாத வயசுல நடந்த கல்யாணத்தை வெச்சு ஒரு பெண்ணை வலுக்கட்டாயமா அனுப்ப முடியாதுன்னு தள்ளுபடி பண்ணார். ஊரே கொந்தளிச்சுச்சு. திலகர்கூட தன் பத்திரிகையில எதிர்த்து எழுதினார். அப்பீல் போய், 1887 மார்ச்சில நீதிபதி ஃபாரன் தீர்ப்பு: புருஷனோட போய் இரு, இல்லன்னா ஆறு மாசம் ஜெயில்.

ருக்மாபாய், ஜெயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டார்.

இருபத்திரண்டு வயசு அப்ப. எங்க அக்கா மகளை விட ரெண்டு வயசு சின்னவர்.

கடைசியில ஜெயிலுக்குப் போக வேண்டி வரல. 1888-ல ரெண்டாயிரம் ரூபாய் வாங்கிக்கிட்டு தாதாஜி உரிமையை விட்டுக் கொடுத்தான். இவர் லண்டன் போய் மருத்துவம் படிச்சு 1894-ல டாக்டர் ஆனார். திரும்பி வந்து சூரத்துலயும் ராஜ்கோட்லயும் பெண்கள் ஆஸ்பத்திரிகள்ல பல வருஷம் வேலை பாத்தார். 1955 வரைக்கும் இருந்தார், மறுபடி கல்யாணம் பண்ணிக்கல.

அவர் விட்டுட்டு வந்தவர், நான் விடப்பட்டவ. நிலைமை நேரெதிர்தான், தெரியும். ஆனா எனக்கு உறைச்சது வேற. அவரை கோர்ட்டுக்கு இழுத்துட்டுப் போனாங்க, தீர்ப்பு அவருக்கு எதிரா வந்துச்சு, அந்தத் தீர்ப்பு தன்னைக் கட்டுப்படுத்தாதுன்னு நின்னார். நானோ இல்லாத ஒரு கோர்ட்டை நானே கட்டி, நானே மனு போட்டு, வாட்ச்மேன் நாற்காலியில உக்காந்திருந்தேன்.

இன்னொரு விஷயமும் இருக்கு. 1904-ல தாதாஜி செத்துப் போனப்ப ருக்மாபாய் விதவைகள் உடுத்துற வெள்ளைச் சேலைக்கு மாறினார்னு அவர் வாழ்க்கையை எழுதினவங்க சொல்றாங்க. முதல்ல படிச்சப்ப எனக்குக் கோபமே வந்துச்சு. இவ்ளோ போராடிட்டு எதுக்கும்மா இது? அப்புறம் யோசிச்சேன். யாரு கட்டாயப்படுத்துனா அவரை? நாப்பது வயசு டாக்டர். அவர் என்ன நெனச்சு உடுத்தினாரோ. வெளியில வந்தவங்க எல்லாத்தையும் துடைச்சு எறிஞ்சுட்டுத்தான் வரணும்னு நான் யாரு சட்டம் போட? நானும் ஜூலை 26 வந்தா அந்த மழையை நெனச்சுக்கறேன். அவன் நல்லா நடந்து வந்தான் அன்னிக்கு. அதை எதுக்கு நான் பொய்னு எழுதணும்?

ருக்மாபாயோட வழக்கு நூறு வருஷத்துக்கு முந்துன சமாசாரம்னு நெனச்சா, அந்தச் சட்டம் இன்னும் இருக்கு. இந்துத் திருமணச் சட்டம் 1955, ஒன்பதாவது பிரிவு. பிரிஞ்சு போனவங்க திரும்பி வந்து சேந்து வாழணும்னு கோர்ட் உத்தரவு வாங்கலாம். நம்ம நடிகை சரிதாவைத் தெரியும்ல? பதினாறு வயசுல, 1975 டிசம்பர்ல திருப்பதியில கல்யாணம், உடனேயே பிரிவு. சில வருஷம் கழிச்சு கடப்பா கோர்ட்டுல இந்தப் பிரிவுல அவங்க மேல வழக்கு. ஆந்திர உயர் நீதிமன்றம் வரைக்கும் போய், 1983 ஜூலையில நீதிபதி பி.ஏ. சௌத்ரி, இந்தப் பிரிவே மனித கண்ணியத்துக்கு எதிரானது, அரசியல் சட்டப்படி செல்லாதுன்னு எழுதினார். அடுத்த வருஷமே வேற ஒரு வழக்குல உச்ச நீதிமன்றம் அதை ஏத்துக்கல, பிரிவு செல்லும்னு சொல்லிடுச்சு. சட்டம் எப்படியோ போகட்டும். வர விருப்பம் இல்லாத ஒரு ஆளைத் திரும்ப வர வெக்கிற உத்தரவுல யாருக்கு என்ன கிடைக்கும்? என் நாப்பது மிஸ்டு காலும் ஒருவகையில ஒன்பதாவது பிரிவு மனுதான்.

சுயமரியாதைங்கற வார்த்தையைக் கேட்டா நம்மாளுங்களுக்கு மேடையும் கட்சிக் கொடியும்தான் ஞாபகம் வரும். ஆனா அந்த இயக்கம் 1929 பிப்ரவரியில செங்கல்பட்டுல நடத்தின மாநாட்டுத் தீர்மானங்கள்ல, பெண்ணுக்குச் சொத்துரிமையோட, ஒத்துவராத கல்யாணத்தை ரத்து பண்ற உரிமையும் இருந்துச்சு. பெரியாரோட 'பெண் ஏன் அடிமையானாள்' புத்தகத்துல காதலுக்கு ஒரு அத்தியாயம், அதுக்கு அடுத்ததே கல்யாண விடுதலை. சட்டம் மெதுவாத்தான் வந்துச்சு: இந்துக்களுக்கு விவாகரத்து பம்பாய் மாகாணத்துல 1947, சென்னை மாகாணத்துல 1949, நாடு முழுக்க 1955. ஒரு உறவு முடியறதும் கௌரவமா நடக்கலாம்னு ஏத்துக்கவே நமக்கு இவ்ளோ காலம். அதுக்குள்ள 'காதல் தோல்வி'ங்கற வார்த்தை நல்லா வேர் விட்டுருச்சு. தோல்வின்னா எதிர்ல ஒருத்தர் ஜெயிச்சிருக்கணும். இதுல யாரு ஜெயிச்சா?

பசங்களைப் பெத்தவங்க அந்த வார்த்தையைக் கொஞ்சம் யோசிக்கணும். தோத்துட்டோம்னு நெனைக்கிற பையன் அடுத்து பழி தீக்கறதைப் பத்தி யோசிப்பான். 2013 மே மாசம் நம்ம பாந்த்ரா டெர்மினஸ் பிளாட்ஃபார்ம்ல, நர்ஸ் வேலையில சேர டெல்லியில இருந்து வந்து இறங்கின ப்ரீத்தி ராத்தி மேல ஆசிட் வீசினான் ஒருத்தன். அவளோட பழைய பக்கத்து வீட்டுக்காரன். ஒரு மாசம் போராடி இறந்துபோனா. 2016-ல நுங்கம்பாக்கம் ஸ்டேஷன், 2022-ல பரங்கிமலை ஸ்டேஷன். இந்த மாதிரி ஆளுங்க வாயில 'தன்மானம்'ங்கற வார்த்தை வரும் பாருங்க, அப்படியே உடம்பு பத்திக்கிட்டு வரும். அடுத்தவ 'இல்ல'ன்னு சொன்னா உடைஞ்சு போற மானம் அவ கையில இருக்குன்னுதானே அர்த்தம்? அப்புறம் அது என்ன தன் மானம்? நான் வாசல்ல போய் நின்னதும் பிசகுதான், ஒத்துக்கறேன். ஒரு ஆம்பளை ஒரு பொண்ணு வீட்டு வாசல்ல அப்படி மூணு நாள் நின்னிருந்தா அதுக்குப் பேரு வேற. வேண்டாம்னு சொன்ன பொண்ணைப் பின்தொடர்றது 2013-ல இருந்து தனிக் குற்றம், 2024 ஜூலையில வந்த புதுச் சட்டத்துலயும் இருக்கு. போட்டோவை வெளியிடுவேன்னு ஒருத்தன் மிரட்டினா அது பிரேக்கப் சோகம் இல்ல, போலீஸ் விஷயம். எங்க வீட்டுக்குப் பக்கத்துல இருக்கற டாடா சமூக அறிவியல் கழகம்தான் 1984-லயே மும்பை போலீஸோட சேந்து பெண்களுக்குன்னு தனி உதவிப் பிரிவு ஆரம்பிச்சது. வெக்கப்பட்டுக்கிட்டு மறைக்காதீங்க.

சரி, இப்ப வெளியூர்ல இருக்கற நம்ம குடும்பங்களுக்கு வர்றேன். நம்ம வீடுகள்ல பிள்ளைங்களோட காதல் பெரும்பாலும் அது உடையறப்பதான் தெரிய வருது. தெரிஞ்ச உடனே அம்மாக்கள் கேக்குற முதல் கேள்வி என்ன தெரியுமா? 'எவ்ளோ தூரம் போச்சு?' ரெண்டாவது, 'யாருக்கெல்லாம் தெரியும்?' மாட்டுங்காவுல பூ வாங்கப் போற எடத்துல, செடா நகர் முருகன் கோயில் படியில, யாரு என்ன கேப்பாங்களோங்கற பயம். ஊருக்குப் போன்ல போயிடுமோங்கற பயம். அப்பா பேப்பரை முகத்துக்கு நேரா பிடிச்சுக்குவார். பையனா இருந்தா 'ஆம்பளப் பிள்ளை அழலாமா'. ஏற்கெனவே ஒருத்தன் தீர்ப்புக்காகக் காத்துக்கிட்டு இருக்கற பொண்ணை வீட்லயும் கூண்டுல ஏத்தி நிறுத்துறோம். மூணு மாசத்துல ஜாதகம் கையில எடுக்கறோம். அதுக்குப் பேரு மறக்க வெக்கிறதாம்.

எல்லாரும் 'மூவ் ஆன், மூவ் ஆன்'னு சொல்றப்ப எனக்கு குர்லா ஸ்டேஷன்தான் ஞாபகம் வரும். லேடீஸ் டப்பாவுல பின்னாடி இருந்து 'ஆகே படோ, ஆகே படோ'ன்னு முதுகுல கை வெச்சுத் தள்ளுவாங்க. முன்னாடி கால் வெக்க இடம் இருக்கான்னு ஒருத்தரும் பாக்க மாட்டாங்க.

எனக்கு 2011-ல கல்யாணம் ஆச்சு. நல்ல மனுஷன். ஆனா அதை இங்க ஒரு பரிசு மாதிரி காட்ட எனக்கு விருப்பம் இல்ல. 'பாத்தியா, உன்னை விட நல்லவன் கிடைச்சான்'னு அவனுக்குக் காட்டுறதுன்னா அவன் இன்னும் ஜட்ஜ் சீட்ல உக்காந்திருக்கான்னு அர்த்தம். அவனுக்குக் காட்டுறதுக்காக சி.ஏ. பாஸ் பண்ணணும், அவனுக்குக் காட்டுறதுக்காக உடம்பு இளைக்கணும்னு நெனச்சதும் அதே கதைதான். நான் பாஸ் பண்ணது அவனை நெனைக்க மறந்துபோன ஒரு அட்டெம்ப்ட்ல :-)

அந்த ஒன்றரை வருஷத்துல எனக்கு உண்மையா உதவினது மாவ்ஷி. எல்லாம் தெரியும் அவங்களுக்கு. ஒரே ரூம்ல எதை மறைக்கிறது? நான் ராத்திரி பத்து மணிக்கு நனைஞ்சுக்கிட்டு வருவேன். எங்க போனே, எதுக்கு அழுதேன்னு ஒரு நாள்கூடக் கேக்கல. 'ஜேவ்லீஸ் கா?'ன்னு மட்டும் கேப்பாங்க. சாப்பிட்டியான்னு அர்த்தம். சாப்பிட்டேன்னு பொய் சொன்னாலும் தட்டு வந்துடும், ரெண்டு பாக்ரி, கொஞ்சம் பருப்பு. அந்த வீட்ல அழறதுக்கு எனக்கு அனுமதி இருந்துச்சு, விளக்கம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்ல. ஊர்ல அம்மாகிட்ட நான் சொன்னது ரெண்டு வருஷம் கழிச்சு. மாவ்ஷி இப்ப இல்ல.

அதனால கிச்சன்ல அன்னிக்கு நான் புத்திமதி ஒண்ணும் சொல்லல. லைட்டைப் போட்டேன், தோசை ஊத்தினேன். ரெண்டு மணிக்கு ரெண்டு பேரும் சாப்பிட்டோம். அப்புறமா, நாலஞ்சு நாள் கழிச்சு, வாட்ச்மேன் நாற்காலிக் கதையைச் சொன்னேன். சிரிச்சா. 'நீயா சித்தி?'ன்னு நம்பவே இல்ல. அந்தப் புதுக் கணக்கை அழிச்சியான்னு நான் கேக்கல. தூக்கமில்லாம, சாப்பாடு இல்லாம ரொம்ப நாள் போனா, செத்துடலாம்னு பேச்சு வந்தா, அது தோசையில தீர்ற விஷயம் இல்லன்னும் எனக்குத் தெரியும். 14416-ன்னு அரசாங்கத்தோட டெலி மானஸ் நம்பர் இருக்கு, 2022 அக்டோபர்ல ஆரம்பிச்சது, தமிழ்லயும் பேசலாம். ஃப்ரிட்ஜ் மேல எழுதி ஒட்டி வெச்சிருக்கேன், யாருக்குன்னு எழுதாம.

அக்கா நேத்து ராத்திரியும் போன் பண்ணா. பாளையங்கோட்டையில ஒரு வரன் வந்திருக்காம், பையன் பெங்களூர்ல இருக்கானாம், இவ ஏன் முகம் கொடுத்துப் பேச மாட்டேங்கறான்னு என்னைக் கேக்குறா. 'ஆறு மாசம் அவளை விடுக்கா'ன்னேன். 'உனக்கு என்னட்டி தெரியும், நீ பாட்டுக்கு பம்பாயில இருக்க'ன்னு வெச்சுட்டா. இதை அவளுக்கு அனுப்பலாம்னு இருக்கேன். அக்கா மககிட்ட கேட்டேன், அனுப்பவான்னு. கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, 'உன் கதையைப் படிச்ச அதிர்ச்சியில என்னை மறந்துடுவா, அனுப்பு சித்தி'ங்கறா.